பன்றி ரத்தம் என்று சொன்னார்கள்

தம்மெலா சந்தையில் மக்காரா விற்கும் ஹில்க்காவுக்கு வாய் நீளம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உண்மையிலேயே அவளுக்கு வாய் நீளமாக இருந்திருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்தே இருக்காது. பனியைக் கடை வாசலில் தள்ளிவிட்டுப் போகிற வண்டிக்காரனைத் திட்டுவாள், எதிர்க்கடைக்காரனை வம்புக்கு இழுப்பாள், பாலைக் கீழே சிந்திய வாடிக்கையாளரைக்கூட விட மாட்டாள். ஆனால் தன் உடம்பைப் பற்றி யாராவது கேட்டால் ஒரே பதில்தான், "ஒண்ணுமில்ல." எங்கள் தாம்பரே ஊர்க்காரர்கள் எல்லோருக்குமே இந்த வியாதி உண்டு. கால் முறிந்து கிடந்தாலும் ஒண்ணுமில்லை என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் சைமி. அவள் கடையை ஒட்டி எனக்கு மீன் கடை. ஏரியில் பிடித்த பொடிமீனை மாவில் புரட்டிப் பொரித்து விற்கிறேன். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டிதான். அவள் பெருமூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும்.

மக்காரா என்பது பன்றி ரத்தத்தையும் ரை என்கிற தானியத்தின் மாவையும் கொழுப்பையும் குடலில் அடைத்துச் சுட்ட கறுப்பு சாசேஜ். வளையம் வளையமாகப் பெட்டியில் ஆவி பறக்கக் கிடக்கும். எவ்வளவு வேண்டுமென்று வாடிக்கையாளர் விரலை வைத்துக் காட்டுவார், ஹில்க்கா அந்த இடத்தில் வெட்டுவாள். ஓரத்தில் புளிப்புப் பழ ஜாம், கூடவே குளிர்ந்த பால். காலையில் பெட்டியைத் திறந்ததும் முதல் துண்டு அவளுக்குத்தான். நின்றபடியே தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, விக்கலாம்" என்பாள். கல்யாணமாகி மாமியாரின் கடைக்கு வந்த காலத்திலிருந்து அப்படித்தான். தான் தின்னாததை ஊராருக்குக் கொடுக்க மாட்டாள்.

அவளுக்கு உடம்பு சரியில்லை என்பதை நான் முதலில் பார்த்தது சவுனாவில், ஆவிக்குளியல் அறையில். சந்தைப் பெண்கள் நாங்கள் வாரத்துக்கு ஒருமுறை ஏரிக்கரைச் சவுனாவுக்குப் போவோம். அங்கே யாரும் எதையும் ஒளிக்க முடியாது, உடுத்தியிருந்தால்தானே ஒளிப்பதற்கு. மேல்படி எப்போதுமே ஹில்க்காவுடையது. அடுப்புக் கல்லில் தண்ணீரை அவள் ஊற்றுகிற வேகத்தில் கிளம்பும் ஆவிக்கு மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடுவார்கள். அன்றைக்கு அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எல்லோரும் இறால் மாதிரிச் சிவந்திருக்க, அவள் மட்டும் மாவு பூசியது போல வெளுத்திருந்தாள்.

"என்னடி கீழ உக்காந்துட்ட?"

"சூடு ஜாஸ்தியா இருக்கு."

"யாருக்கு? உனக்கா?"

"ஒண்ணுமில்லடி. விடு."

பிறகு வழக்கம்போல உறைந்த ஏரியில் வெட்டிய பனிக்குழியில் முங்கிவிட்டு ஏணியில் ஏறும்போது பாதியில் நின்றுவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, துண்டைப் போர்த்தி, பெஞ்சில் உட்கார வைத்துக் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். கடைசியில் சொன்னாள்.

"வெளிய போறது கறுப்பாப் போகுது. சில நாள் கருஞ்சிவப்பா."

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா. மக்காரா திங்கிறேன் இல்ல, அதான்."

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் ஏமாந்துபோகிறோம். வேறு ஊரில் ஒருவருக்குக் கறுப்பாகப் போனால் அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். எங்கள் ஊரில் அதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. சனிக்கிழமை மக்காரா தின்றவனுக்கு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் இருக்கும், கேலி பேசிவிட்டுப் போவோம். ஹில்க்காவும் அப்படித்தான் நினைத்தாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் அதையே சொன்னாரே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நான் நச்சரித்த நச்சரிப்பில் அவள் சுகாதார நிலையத்துக்குப் போனாள். கையில் ரத்தம் எடுத்தார்கள், ஒரு சின்னக் குழாயும் கொடுத்தார்கள். வீட்டில் மலத்தைக் குச்சியால் தொட்டு, குழாயில் போட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். மலத்தில் ரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தது. நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் ஹொன்கசாரி கணினித் திரையைப் பார்த்தார், ஹில்க்காவைப் பார்த்தார், சிரித்தார். அவரும் அவள் வாடிக்கையாளர்தான்.

"ஹில்க்கா, நீங்க தினமும் மக்காரா சாப்பிடுறவங்க. வேற எப்படி வரும் ரிசல்ட்டு? பன்னி ரத்தத்தைத்தான் அது காட்டுது."

"மூச்சு வாங்குது டாக்டர். ஏணி ஏற முடியல."

"ரத்தம் குறைவா இருக்கு, அதனால வாங்குது. இரும்பு மாத்திரை தரேன். மக்காராவ நிறுத்துங்க. அப்புறம் மறுபடி சோதிக்கலாம்."

ரத்தம் ஏன் குறைந்தது என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். வயசு, சாப்பாடு, மூலம் என்று அடுக்கினார். அவள் கோட்டுகூடக் கழற்றாமல் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து அப்படியே எழுந்து வந்தாள். இரும்பு மாத்திரை தின்றாலும் கறுப்பாகத்தான் போகுமாம். ஆகவே அதற்குப் பிறகு கறுப்பாகப் போனதற்குக் கணக்குச் சொல்ல இரண்டு காரணம் தயாராக இருந்தது. உள்ளே நிஜமாகவே அவள் ரத்தம் போய்க்கொண்டிருந்ததை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஹில்க்கா நிறுத்திவிட்டாள். சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. காலையில் பெட்டியைத் திறப்பாள், ஆவி முகத்தில் அடிக்கும், முதல் துண்டை வெட்டி என்னிடம் நீட்டுவாள். "நீ தின்னு பாத்துச் சொல்லுடி, உப்பு சரியா இருக்கா?" என்பாள். அவள் மட்டும் டப்பாவில் கொண்டுவந்த ஓட்ஸ் கஞ்சியைக் கரண்டியால் தின்பாள். மக்காராக் கடைக்காரி கஞ்சி குடிப்பதைப் பார்த்து, தானும் மக்காரா விற்கிற எதிர்க்கடைக்காரன், "என்ன ஹில்க்கா, உன் சரக்கு மேல உனக்கே நம்பிக்கை போயிடுச்சா?" என்றான். அவள் பதில் சொல்லாமல் விட்ட முதல் வம்பு அது.

வெயில் காலம் வந்தது. ஜூன் மாதத்தில் ஊரே கைவைக்காத சட்டையில் திரியும்போது அவள் குளிர்காலக் கோட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றாள். ஆவி வருகிற பெட்டிக்கு முன்னால் நின்றும் விரல் நீலமாக இருந்தது. எல்லோரும் கிண்டல் செய்தார்கள். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் குளிருது" என்றாள்.

இரண்டாவது குழாய் போனது. மறுபடியும் ரத்தம் என்று வந்தது. இந்த முறை அவள் கணவன் ஔலிஸ் கூடப் போனான். டாக்டர் அவனிடம், ஏதோ குழந்தையைப் பற்றிச் சொல்வது போல, "மறைச்சுச் சாப்பிடுறாங்கன்னு நெனைக்கிறேன். பழக்கம் சீக்கிரம் போகாது. நீங்க கொஞ்சம் கவனிச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஔலிஸ் கெட்டவன் இல்லை. காகித ஆலையில் இயந்திரம் கழுவி ஓய்வு பெற்றவன், அதிகாரி சொன்னால் அப்படியே நம்புகிற ரகம். கவனிக்கச் சொன்னார்கள், கவனித்தான். அவள் கோட்டுப் பையில் மக்காரா சுற்றிய காகிதம் இருக்கிறதா என்று துழாவினான். வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை முகர்ந்தான். ஒரு நாள் நேராக என் கடைக்கே வந்துவிட்டான்.

"சைமி, நீ பக்கத்துலயே இருக்க. உண்மையைச் சொல்லு, அவ தின்றாளா?"

"கஞ்சி தின்றா. நாய்கூடத் தொடாது அந்தக் கஞ்சிய."

"டாக்டர் சொல்றாரே."

"டாக்டரா இங்க நிக்கிறாரு? நான் நிக்கிறேன். உன் பொண்டாட்டி வெளுத்துப்போய் செத்துக்கிட்டிருக்கா, நீ அவ கோட்டுப் பையைத் துழாவிட்டிருக்க. வெக்கமா இல்ல உனக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். போனானே தவிர முகர்வதை நிறுத்தவில்லை. அன்று கடை கட்டும்போது ஹில்க்கா தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகச் சொன்னாள்.

"திருடி மாதிரி என்னை மோந்து பாக்கறான்டி. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன்."

அவள் குரல் உடைந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிச் சுகாதார நிலைய வாசலில் கொட்டலாமா என்று தோன்றியது.

ஆகஸ்டில், கூட்டமான ஒரு மதியம், பெரிய மக்காரா தட்டைத் தூக்கியவள் அப்படியே பெட்டிக்குப் பின்னால் சரிந்து விழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், பை பையாக. குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் வலது பக்கத்தில் சிலந்திக்கால் மாதிரிச் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் புடைத்துக் கசிந்துகொண்டிருந்தன. வயதானவர்கள் சிலருக்கு வருமாம். குழாய் வழியாகவே அவற்றைச் சுட்டு அடைத்தார்கள். "சரியாயிடுச்சு" என்று அனுப்பினார்கள்.

சரியாகவில்லை. இலை பழுத்து உதிர்வதற்குள் மறுபடி போனாள். மறுபடி ரத்தம் ஏற்றினார்கள், மறுபடி சுட்டார்கள், ஒரு இடத்தை அடைத்தால் இன்னோர் இடத்தில் கசிந்தது. வார்டில் ஒரு டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் இரையுது, ரத்தம் கம்மியானா அப்படித்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாராம். மூச்சு வாங்கினால் ரத்தக் குறைவு, மயங்கினால் ரத்தக் குறைவு, நெஞ்சு இரைந்தால் அதுவும் ரத்தக் குறைவு. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே விடை.

கடைசியில் அறுவைசிகிச்சை டாக்டர் சொன்னார், பெருங்குடலின் வலது பாதியை வெட்டி எடுத்துவிடலாம், வேறு வழி தெரியவில்லை என்று. நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய வாரம் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். ஹில்க்கா ஔலிஸைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"பாதிக் குடலை வெட்டி எடுத்துட்டா அப்பவாவது நம்புவாங்களாடி?"

நான் அவள் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மயக்க மருந்து டாக்டர் சின்ன வயதுப் பெண், லெம்பினென் என்று பெயர். முதல் வேலையாகக் கோட்டைக் கழற்றச் சொன்னாள், பிறகு கம்பளிச் சட்டை, பிறகு உள்சட்டை. ஹில்க்கா நடுங்கினாள். அந்தப் பெண் குழாயின் முனையை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி நெஞ்சில் வைத்தாள். கேட்டாள். இடம் மாற்றிக் கேட்டாள். கழுத்தில் வைத்தும் கேட்டாள். எழுதுவதற்குக் கையை நீட்டியவள் எழுதாமல் திரும்ப நெஞ்சில் வைத்தாள்.

"மயங்கி விழுந்தீங்கல்ல, அப்போ ஏதாவது வேலை செஞ்சுட்டிருந்தீங்களா?"

"பெரிய மக்காரா தட்டைத் தூக்கினேன்."

"படி ஏறினா?"

"நின்னு நின்னு ஏறுவேன். ரத்தம் கம்மின்னு சொன்னாங்க."

"அது பாதிதான். இப்போ உங்களுக்கு மயக்க மருந்து குடுத்தா ஆபரேஷன் மேசையிலேயே உங்க உயிர் போயிடலாம். குடலை யாரும் தொட வேண்டாம். முதல்ல இதயத்தைப் பாக்கணும்."

அன்றைக்கே இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலில் ஒரு வால்வு இருக்கிறதாம், அது சுண்ணாம்பு படிந்து இறுகி, பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. லெம்பினென் எங்கள் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விளக்கினாள்.

"ரத்தத்துல நூல் மாதிரி நீளமா ஒரு பொருள் இருக்கு. காயம் பட்டா ஓடிப்போய் அடைக்கிறது அதோட வேலை. இந்தச் சந்துல ரத்தம் பீச்சியடிக்கும்போது அந்த நூல் துண்டு துண்டா அறுந்துபோகுது. குடல்ல இருக்கிற அந்த மெல்லிசான குழாயெல்லாம் கசிய ஆரம்பிச்சா அடைக்க ஆள் இல்ல. ரத்தம் போறது குடல்ல, கோளாறு நெஞ்சுல. அபூர்வம்தான், ஆனா தெரிஞ்ச விஷயம்தான். வால்வை மாத்தினா பெரும்பாலும் நின்னுடும்."

"குடலை வெட்டியிருந்தா?"

"மிச்சம் இருக்கிற குடல்ல கசிஞ்சிருக்கும்."

ஹில்க்கா உள்சட்டையை மாட்டிக்கொண்டே இருந்தாள், பொத்தான் மாறிப் போட்டாள். நான் விடவில்லை, இன்னொன்றும் கேட்டேன்.

"டாக்டர், அந்தக் குழாய்ச் சோதனை. மக்காரா தின்னா அது தப்பாக் காட்டுமா?"

"தபால்ல அனுப்புறதா? காட்டாதே. பழைய சோதனை காட்டும். இது மனுஷ ரத்தத்தை மட்டும்தான் கண்டுபிடிக்கும். பன்னி ரத்தம் எவ்வளவு தின்னாலும் அதுக்குத் தெரியாது."

ஹில்க்கா பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்போ ரெண்டு தடவையும் வந்தது?" என்று கேட்டாள் ஹில்க்கா.

"உங்க ரத்தம்தான்."

நான் தாழ்வாரத்துக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு திட்டினேன். எனக்குத் தெரிந்த வசவு எல்லாம் தீர்ந்த பிறகு முதலிலிருந்து மறுபடி திட்டினேன். ஒரு தாதி வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். ஒரு பெண்ணை வீட்டில் திருடியாக்கி, சந்தையில் கேலிப்பொருளாக்கி, அவள் ரத்தத்தைப் பன்றி ரத்தம் என்று சொல்லி வருஷம் முழுக்க வடிய விட்டார்களே, அதற்குத் தண்ணீர் குடித்தால் ஆறுமா?

புது வால்வைத் தொடையிடுக்கு ரத்தக்குழாய் வழியாகவே கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். நெஞ்சைப் பிளக்கவில்லை. மறுநாள் அவள் கன்னத்தில் ஒரு நிறம் இருந்தது, நான் ஜன்னல் வெளிச்சம் என்று நினைத்தேன். வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க ஒரு சின்ன மாத்திரை தினமும் போட வேண்டும் என்றதும் நாங்கள் பயந்தோம், ரத்தம் மறுபடி போனால் என்ன செய்வது என்று. போகவில்லை. கறுப்பும் இல்லை, கருஞ்சிவப்பும் இல்லை.

மூன்றாம் நாள் ஔலிஸ் வார்டுக்கு வந்தான். கட்டில் ஓரத்தில் நின்றான், உட்காரவில்லை. எங்கள் ஊர் ஆண்களுக்கு மன்னிப்புக் கேட்பதைவிடப் பனிக்குழியில் தலைகீழாகக் குதிப்பது சுலபம். கோட்டுப் பைக்குள் கையை விட்டு, காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் போர்வை மேல் வைத்தான். பை முழுக்கக் கொழுப்புக் கறை. ஹில்க்கா பிரித்துப் பார்த்தாள், கறுப்பு மக்காரா, இன்னும் சூடாக.

"எதிர்க்கடையிலயா வாங்கின?"

"உன் கடை பூட்டியிருக்கே."

"உப்பு கம்மியா போடுவான் அவன்," என்றாள். ஆனாலும் தின்றாள். அவன் அவள் தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றான். இரண்டு பேர் கண்ணும் நனைந்திருந்தது. நான் வெளியே போய்விட்டேன்.

பிறகு அவள் கடைக்குத் திரும்பினாள். ஏப்ரல், இன்னும் ஓரங்களில் பனி கிடந்தது, அவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வெட்டினாள். முதல் துண்டு தனக்கு. எதிர்க்கடைக்காரனுக்கு ஒரு வருஷத்துப் பாக்கி வம்பும் அன்றைக்கே வட்டியோடு போய்ச் சேர்ந்தது.

அந்த வாரமே டாக்டர் ஹொன்கசாரி மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். வழக்கம் போல விரலை வைத்து அளவு காட்டினார். நான் மீன் புரட்டுவதை நிறுத்திவிட்டுத் தட்டியோரம் போய் நின்றுகொண்டேன்.

"நல்லா இருக்கீங்களே ஹில்க்கா. நிறம் திரும்பிடுச்சு. நான் சொன்ன மாதிரி மக்காராவ விட்டது வேலை செஞ்சிருக்கு பாருங்க."

அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது வந்திருக்கும், அவர் படித்திருக்க மாட்டார். ஹில்க்கா அவருக்கென வெட்டிய துண்டைத் தட்டில் வைக்காமல் தன் வாயில் போட்டு மென்றாள். அவசரப்படாமல் முழுங்கினாள்.

"தினமும் திங்கிறேன் டாக்டர். என் நெஞ்சுல வால்வு கெட்டுப்போயிருந்துச்சு. அதனால குடல்ல ரத்தம் போச்சு. மாத்திட்டாங்க, நின்னுடுச்சு. உங்க சோதனையில வந்தது பன்னி ரத்தம் இல்ல. அந்தச் சோதனைக்குப் பன்னி ரத்தம் தெரியவே தெரியாதாம். வந்தது என்னுது."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஒரே ஒரு தடவை நெஞ்சுல குழாய வெச்சுக் கேட்டிருக்கலாம் நீங்க."

அவர் தட்டைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று சொன்னார் போல.

"நீங்க எப்பவும் கோட்டு போட்டிருந்தீங்க, ஹில்க்கா."

"குளிருச்சு டாக்டர்," என்றாள் அவள். "ஒடம்புல ரத்தம் இல்லாதவளுக்குக் குளிரத்தான செய்யும்."

பிறகு பெட்டியிலிருந்து புதுசாக ஒரு துண்டு வெட்டி, ஜாம் வைத்து, அவர் கையில் கொடுத்தாள்.